மூச்சிரைக்கும் மழலையும் விழித்திருக்கும் அன்னையும்

1858-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 11-ஆம் நாள். பிரான்சு நாட்டின் லூர்து நகரில், முன்னர்ச் சிறைக்கூடமாயிருந்து கைவிடப்பட்ட ஈரம் படிந்த ஓர் அறையில், வறுமையுற்ற ஒரு மாவரைப்போரின் குடும்பம் ஒண்டியிருந்தது. அடுப்புக்கு விறகில்லை. மூத்த மகள் பெர்னதெத், தங்கையோடும் தோழியோடும் விறகு பொறுக்கிவர விடை கேட்கிறாள். தாய் லூயிஸ் தயங்குகிறாள். வெளியே குளிர், மகளுக்கோ ஆஸ்துமா. இறுதியில் முக்காடிட்டு, காலுறையோடு அனுப்பி வைக்கிறாள்.

பின்னர் நிகழ்ந்ததை நம் பங்குகளில் சிறு பிள்ளைகளும் அறிவர். மசபியேல் கெபிக்கு எதிரே இருந்த நீரோடையை மற்ற இருவரும் கடந்து சென்றுவிட, குளிர்ந்த நீரில் இறங்க அஞ்சிப் பின்தங்கிய பெர்னதெத், காலுறையைக் கழற்றக் குனிந்த வேளையில்தான் காற்றின் ஓசையைக் கேட்டு நிமிர்ந்து நோக்கினாள். அந்தக் காலுறையை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மூச்சிரைக்கும் மகளுக்கு ஓர் ஏழைத் தாய் தன்னால் இயன்ற அளவில் செய்த மருத்துவம் அது. முக்காடு, காலுறை, குளிரில் போகாதே என்னும் எச்சரிக்கை: இவற்றிற்கு மேல் அவளிடம் வேறொன்றும் இருக்கவில்லை. அக்காலத்து மருத்துவரிடமும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

இன்று நம் தமிழ்நாட்டுப் பங்குகளில், குழந்தையின் ஆஸ்துமாவோடு போராடும் அன்னையரின் நிலை என்ன? மருந்து வந்துவிட்டது. ஆனால் பல இல்லங்களில் லூயிஸ் அம்மையாரின் முக்காடும் காலுறையுமே இன்னும் மருத்துவமாக நிற்கின்றன. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லித் தரவேண்டியதைச் சொல்லித் தராமல் விட்டது தாய்மாரின் பிழையன்று.

மருந்து வந்த கதையிலும் ஒரு சிறுமி உண்டு. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் பதின்மூன்று வயது மகள், ஆஸ்துமாவால் அவதியுற்றவள், கண்ணாடிக் கருவியின் குமிழைப் பிசைந்து மருந்தை உள்ளிழுத்துச் சலித்துப்போய், கூந்தலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் போல இந்த மருந்தும் ஏன் ஒரு சிறு குப்பியில் வரக்கூடாது என்று தந்தையிடம் கேட்டாளாம். மறு ஆண்டே, 1956-இல், அளந்து மருந்து தரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969-இல் சால்பியூட்டமால் வந்தது. 1972-இல் மூச்சுவழியே உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்து வந்தது. இவ்விரு வகை மருந்துகளும் இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் 2019-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்குப்படி, உலகின் ஆஸ்துமா நோயாளரில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூவரே இந்தியர். ஆஸ்துமாவால் இறப்போரிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இந்தியர். மருந்து உண்டு, அது சேரவேண்டிய மூச்சுக்குழலைச் சேரவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் சில பங்குகளில் தாய்மாரிடம் உரையாடினோம். முதலில் நம்மை வியக்கவைத்தது அவர்களுடைய அறிவு. பிள்ளையின் மூச்சை அவர்கள் செவியால் அறிவர். அடுத்த அறையில் உறங்கினாலும், இருமலின் ஓசை மாறியவுடனே எழுந்துவிடுகின்றனர். "மூக்கு ஒழுகினால் மூன்றாம் நாள் இரவு இழுக்கும்" என்றார் ஒரு தாய். மருத்துவ நூல்களும் இதனையே கூறும்: குழந்தைகளின் ஆஸ்துமா கிளம்புவதற்குச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் நச்சுயிரிகளே மிகப் பெருங்காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த வாரம் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போடும் என்று நாள் குறித்துச் சொல்லும் அன்னையரையும் கண்டோம்.

ஆனால், நோயின் பெயரைக் கேட்டவுடன் பேச்சு மாறுகிறது. "வீசிங்தான் சிஸ்டர், ஆஸ்துமா எல்லாம் இல்லை" என்று நம்மோடு வந்திருந்த செவிலியர் அருட்சகோதரியிடம் உறுதியாகச் சொன்னார் ஓர் அம்மா. மூச்சு இரைவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லே வீசிங் என்பதை அருட்சகோதரி விளக்கியபோது, அவர் முகம் வாடிற்று. சளி, கபம், இழுப்பு, ஈளை, வீசிங் என எப்பெயரிட்டு அழைத்தாலும் சரி, ஆஸ்துமா என்ற சொல் மட்டும் வீட்டுக்குள் நுழையலாகாது. பெண் குழந்தையாயின் இன்னும் கண்டிப்பு. நாளை வரன் தேடும்போது எவரேனும் சொல்லிவிடுவரோ என்னும் அச்சம் எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியாவின் பல நகரங்களில் நடத்தப்பெற்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சிரைப்பு உடையோரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோருக்கு ஆஸ்துமா என்று எவரும் கண்டு சொல்லியிருக்கவில்லை. பெயரில்லாத நோய்க்கு முறையான மருந்தும் இராது.

இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரைப்பதெல்லாம் ஆஸ்துமா அன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பலருக்குச் சளி பிடிக்கும்போது மட்டும் இரைத்து, வளர வளர நின்றுவிடுவதும் உண்டு. நலமாய் ஓடியாடிய குழந்தைக்குத் திடீரென இரைப்பு வந்தால், நிலக்கடலைப் பருப்போ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலுக்குள் போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். அது வேறு அவசரம். எனவே பெயர் சூட்டும் வேலையை மருத்துவரிடம் விடுவோம். அவர் சூட்டிய பின் அதை மறைக்காதிருப்போம்.

இனி, தாய்மாருக்குச் சொல்லப்படாமலே போன செய்திக்கு வருவோம். இரைப்பு வரும் இரவில் மட்டும் இருந்து, விடிந்ததும் போய்விடும் விருந்தாளியன்று ஆஸ்துமா. பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் நாள்களிலும் மூச்சுக்குழல்களின் உட்சுவர் சற்றே சிவந்து வீங்கித்தான் இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுவே இது. சளியோ புகையோ தூசியோ வந்து ஊதியதும் உட்சுவர் மேலும் வீங்குகிறது. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. பிசினைப் போன்ற சளி சுரந்து எஞ்சிய வழியையும் அடைக்கிறது. நாணற்குழல் வழியாக ஊதுவதுபோல் சீழ்க்கை ஒலி எழுவது அதனால்தான்.

ஆகவே மருந்தும் இருவகை. ஒன்று இறுகிய தசையைத் தளர்த்துவது, சால்பியூட்டமால் அவ்வகை. சில நிமிடங்களில் மூச்சு இலேசாகும். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். இதைத் தணிப்பு மருந்து எனலாம். மற்றது உள்ளே கனலும் வீக்கத்தை ஆற்றுவது, மூச்சுவழி ஸ்டீராய்டு. இதைத் தடுப்பு மருந்து எனலாம். இது உடனே ஒன்றும் செய்ததாகத் தெரியாது. நாள்தோறும், பிள்ளை நலமாயிருக்கும்போதும் தந்துவந்தால், வாரங்கள் செல்லச் செல்ல இரவு இருமல் குறையும். ஓசையின்றி வேலை செய்யும் இம்மருந்தைத்தான் நம் வீடுகளில் முதலில் நிறுத்துகிறார்கள்! "நன்றாகத்தானே இருக்கிறான், வீணாக மருந்து எதற்கு?" என்ற கேள்வி எழுந்த இரண்டாம் மாதத்தில் மருந்துக் குப்பி அலமாரிக்குள் போகிறது. நாலாம் மாதம் நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓடுகிறார்கள். குறைப்பதும் நிறுத்துவதும் உண்டு. பல மாதம் அமைதியாகக் கழிந்த பின், மருத்துவர் படிப்படியாகச் செய்யவேண்டியவை அவை.

தணிப்பு மருந்தை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து. உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு நெறி வகுக்கும் மருத்துவர் குழு, 2019 முதல், பன்னிரண்டு வயது நிறைந்தோர்க்குத் தணிப்பு மருந்தை மட்டும் தனியே கொடுக்கும் பழக்கத்தைக் கைவிடுமாறு கூறிவருகிறது. ஓர் ஆண்டில் இருநூறு அழுத்தம் கொண்ட தணிப்புக் குப்பிகள் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்துவிட்டால், கடுமையான தாக்கு வரும் வாய்ப்பு மிகுதி என்றும் அறிந்திருக்கிறார்கள். அத்தகைய வீட்டார் அடுத்த குப்பியை வாங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது நன்று. நிறத்தை வைத்து எது எதுவென்று முடிவு செய்யவேண்டாம். நீலம் என்றால் தணிப்பு என்பர். எல்லா நிறுவனத்தாரும் அவ்வாறு செய்வதில்லை. பெயரைக் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

"இன்ஹேலர் பழகிவிடும், கடைசிக் கட்டத்து மருந்து அது, முதலில் சிரப் கொடுத்துப் பார்ப்போம்" என்னும் பேச்சைக் கேளாத ஊரில்லை. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் சிரப்பில் ஐந்து மில்லி லிட்டர் கொண்ட ஒரு கரண்டியில் வழக்கமாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்திலோ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது, ஒரு கரண்டி சிரப் இருபது அழுத்தங்களுக்கு ஈடு! அவ்வளவும் வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, கைநடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் தந்து, பிறகே நுரையீரலுக்குச் சற்றுப் போய்ச் சேருகிறது. கண்ணில் விழுந்த தூசிக்குக் கண்ணில்தானே மருந்து விடுகிறோம்?

ஸ்டீராய்டு என்றதும் அஞ்சுவது இயல்பே. மாத்திரையாக நெடுநாள் உட்கொண்டால் வரும் தீமைகளைக் கண்டவர்கள் நாம். மூச்சுவழி கொடுப்பது மிகக் குறைந்த அளவு. முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் வளர்ச்சி சற்றே, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவு, குறையக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆண்டுதோறும் அது கூடிக்கொண்டே போவதில்லை. கட்டுக்கடங்காத ஆஸ்துமாவும் குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. மருந்தை இழுத்தபின் வாய் கொப்புளித்துத் துப்பச் செய்தால் வாய்ப்புண் வரும் வாய்ப்புக் குறையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: இன்ஹேலருக்கு அஞ்சும் குடும்பத்தாரே, பெயரும் உறையும் இல்லாத பொடியை யாரோ சொன்னாரென்று வாங்கிக் கொடுப்பர். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

மருந்து நல்லதாயிருந்தாலும் இழுக்கும் முறை தவறினால் அது தொண்டையிலேயே தங்கிவிடும். குழந்தைகள் இன்ஹேலரை நேரே வாயில் வைத்து இழுக்கலாகாது. இடையில் ஸ்பேசர் எனும் குழாய் வேண்டும். குப்பியை நன்கு குலுக்கி, ஒருமுறை அழுத்தி, பிள்ளையை இயல்பாக நான்கைந்து முறை மூச்சிழுத்து விடச் செய்யவேண்டும். மறுமுறை அழுத்துமுன் மீண்டும் குலுக்கவேண்டும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து அழுத்திவிட்டு ஒரே மூச்சில் இழுக்கச் செய்வது வீண். கைக்குழந்தையாயின் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி பொருத்திய ஸ்பேசர் வேண்டும்.

ஸ்பேசர் வாங்கப் பணமில்லையே என்போர்க்கு ஒரு நற்செய்தி. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரக் குழந்தை மருத்துவர்கள், அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பக்கத்தில், இன்ஹேலரின் வாய் இறுகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, புட்டியின் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தனர். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இப்புட்டி குறைந்ததன்று என்று 1999-இல் வெளியிட்டனர். இன்று ஏழை நாடுகள் பலவற்றிலும் இம்முறை வழக்கில் உள்ளது. உதட்டைக் குவித்துப் புட்டியின் வாயைக் கவ்வத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தும். துளையின் ஓரத்தில் காற்றுக் கசியலாகாது. செய்த புட்டியை மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒருமுறை காட்டிவிடுவது நலம். சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானே உலரவிடவேண்டும். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது புகை. நம் இல்லங்களில் குழந்தையைக் குளிப்பாட்டியவுடன் சாம்பிராணி காட்டுவது அன்பின் அடையாளம். மூச்சிரைக்கும் குழந்தைக்கு அது தீங்கு. விறகடுப்பு, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, போகியன்று கொளுத்தும் பழம்பொருள்கள், திருவிழா வாணவேடிக்கை, யாவும் அவ்வாறே. நம் பங்கு ஒன்றில், தூபக்கலசம் ஏந்தும் பீடச்சிறுவன் ஒருவன் ஒவ்வொரு பெருவிழா இரவிலும் இருமி இருமி வாடினான். பங்குத்தந்தை அவனுக்குச் சிலுவை ஏந்தும் பணியைத் தந்தபின் தாய்க்கு நிம்மதி. தந்தையரின் பீடியும் சிகரெட்டும் பற்றி விரித்துரைக்க வேண்டுமா? வாசலில் நின்று புகைத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினாலும் சட்டையில் புகை இருக்கத்தான் செய்யும். இலவம்பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழும். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கரப்பான் பூச்சியின் எச்சமும் பலருக்கு ஆகாது.

உணவு விஷயத்தில்தான் நம் தாய்மார் வீணாக வருந்துகின்றனர். வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, கொய்யா கூடாது, ஆரஞ்சு கூடாது. மிஞ்சுவது சோறும் ரசமும். மெலிந்த பிள்ளை மேலும் மெலிகிறது. குறிப்பிட்ட ஓர் உணவால் இரைப்பு வரும் குழந்தைகள் உண்டு, அவர்கள் சிலரே. அது உண்மையில் ஒவ்வாதா என்று மருத்துவரிடம் உறுதிசெய்யாமல் பழங்களையெல்லாம் விலக்குவது முறையன்று. தூதுவளை, கற்பூரவல்லி, துளசி ஆகியவற்றை உணவாகத் தருவதில் நமக்கு மறுப்பில்லை. மூச்சு முட்டும் வேளையில் அவை குழலைத் திறக்கமாட்டா. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதை மட்டும் அறவே விடுங்கள்; கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடிய நஞ்சு. கொதிநீரில் ஆவி பிடிக்கவைத்து வெந்துபோன குழந்தைகளும் உண்டு.

நாம் கேட்டவற்றுள் மனத்தை மிக உறுத்தியது வேறொன்று. பிள்ளைக்கு இரைப்பு வந்த மறுநாள், வீட்டில் எல்லாரும் தாயை நோக்கியே கைநீட்டுகிறார்கள். "நேற்றுத் தலைக்கு ஊற்றினாயே!" "ஐஸ் வாங்கிக் கொடுத்திருப்பாய்!" "உங்கள் குடும்பத்தில் யாருக்கோ இருந்ததாமே!" இரவெல்லாம் பிள்ளையை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்தியே. மருந்துக்குப் பணம் கேட்க வேண்டியவளும் அவளே. மாமியார் சொல்லையும் மருத்துவர் சொல்லையும் எடைபோட வேண்டியவளும் அவளே. தடுப்பு மருந்து இரண்டாம் மாதம் நிற்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. நலமாயிருக்கும் பிள்ளைக்கு மருந்து வாங்க வீட்டாரிடம் வாதாட அவளுக்கு வலுவில்லை என்பதும் காரணம். ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது தந்தையும் உடன் செல்லட்டும். இயன்றால் பாட்டியும் செல்லட்டும். மருத்துவர் சொல்வதை மூவரும் தம் செவியால் கேட்டால், வீட்டில் பாதி வழக்கு தீரும்.

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில், மிருகசீரிட நாளில், பத்தினி குடும்பத்தார் உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து விழுங்கக் கொடுப்பதை அறிவோம். 1845 முதல் தம் குடும்பம் இதனை இலவசமாகச் செய்துவருவதாக அவர்கள் கூறுகின்றனர். நம்மவரும் இரயிலேறிச் சென்று வரிசையில் நிற்கின்றனர். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. போய்வந்தவரை நாம் நகைக்கவில்லை. விழித்த இரவுகள் அத்தனை. போகும்போது தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

நம் சொந்த வழக்கத்திற்கும் இது பொருந்தும். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, நம்பிக்கையின் அடையாளமாக மருந்தை விட்டுவிடுவோரை அறிவோம். சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் மன்றாட்டையும் மருத்துவரையும் அடுத்தடுத்து வைத்தே பேசுகிறது. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றுமாறு அது கூறவில்லை. லூர்து ஊற்றைத் தன் கையால் தோண்டிய பெர்னதெத்தின் ஆஸ்துமா அவரை விட்டு நீங்கவேயில்லை. நெவேர் நகர்க் கன்னியர் மடத்தில் நோயாளரைப் பேணும் பணி செய்தார். தாமும் நோயாளியாகவே 1879-இல், முப்பத்தைந்தாம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

காத்திருக்கலாகாத வேளைகளை ஒவ்வொரு தாயும் அறிந்திருக்கவேண்டும். பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுதாய்ப் பேச முடியாமல் திணறுவது. கைக்குழந்தை பால் குடிக்க இயலாமல் விலகுவது. மூச்சிழுக்கையில் விலா இடுக்கும் கழுத்துக் குழியும் உள்வாங்குவது. மூக்குத் துளை விரிவது. உதடு நீலம் பாய்வது. தணிப்பு மருந்து கொடுத்தும் பலன் இன்மை அல்லது சிறிது நேரத்தில் மீண்டும் முட்டுவது. இவற்றினும் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. இரைப்பொலி திடீரென அடங்கி, பிள்ளை சோர்ந்து கண் சொருகினால், தூங்குகிறது என்று மகிழாதீர்கள். ஒலி எழுப்பவும் காற்று போகவில்லை என்பதே பொருள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரையிலும் செல்லும் வழியிலும், பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, மருத்துவர் எழுதித் தந்தபடி தணிப்பு மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். எத்தனை அழுத்தம், எவ்வளவு இடைவெளி என்பதை நலமாயிருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி, வீட்டில் ஒன்றும் பள்ளி ஆசிரியரிடம் ஒன்றுமாக வைத்திருக்கவேண்டும். நம் மறைமாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சொல்: இன்ஹேலரைத் தலைமையாசிரியர் அறையில் பூட்டிவைக்காதீர்கள், பிள்ளை இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கட்டும்.

பங்கில் தரும் நாட்காட்டி உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறதல்லவா? பிள்ளை இருமலால் விழித்த ஒவ்வோர் இரவையும் அதில் பென்சிலால் ஒரு கோடிட்டு வையுங்கள். தணிப்பு மருந்து கொடுத்த நாளுக்கு ஒரு வட்டம். பள்ளிக்குப் போகாத நாளுக்கு ஒரு புள்ளி. மருத்துவரிடம் செல்லும்போது அந்த மாதத் தாளையே கிழித்து எடுத்துச் செல்லுங்கள். "எப்படி இருக்கிறான்?" என்று அவர் கேட்கும்போது, "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லாமல், அதை மேசைமேல் விரித்து வையுங்கள்.